கடைசி வாரம் வராத கதை

திண்டிவனம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கொஞ்சம் சின்னதாகியிருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு குத்தூசி, ஒரு புத்தகம். பஸ்கள் தாண்டிப் போயின. நான் கை காட்டவில்லை. ஒரு வேலையை விட்டுக் கிளம்புகிற நாளில் நான் நடந்துதான் போவேன். அடுத்து என்ன என்று யோசிக்க பஸ்ஸில் நேரம் போதாது.

அன்று காலையில்தான் செஞ்சி கடைத்தெருவில் எங்கள் வாடகை நூல் நிலையத்தின் ஷட்டரைக் கடைசியாக இறக்கினோம். ஊரடங்கில் மூடியது. மறுபடி திறந்தபோது இன்னொருவர் கைபட்ட புத்தகத்தைத் தொட ஜனங்களுக்குப் பயம். பயம் தெளிந்த பிறகு பார்த்தால் எல்லார் கையிலும் போன். முதலாளி தணிகாசலம் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்காரர் ஏற்றிப் போகும் முன், உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எடுத்ததைப் பார்த்தார். வாங்கி, புதிதாகக் காக்கி அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னைக்கு ரிட்டன் பண்ணுவீங்க?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

இதை எழுதச் சொன்னவர்கள் நான் கடைசியாக வேலை பார்த்த இடத்துப் பெண்கள். வாரம் ஒரு அத்தியாயமாகப் போனில் வரும் காதல் கதை ஒன்றை எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உயிரான எழுத்தாளர். போன மாதம் அவர் கதையை முடித்த விதம் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. கதைக்குக் கீழே ஊர்ப்பட்ட பேர் சண்டை போட்டிருந்தார்கள். இவர்களும் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். இதெல்லாம் போன் வந்த பிறகு வந்த கூத்து என்று ஒருத்தி சொன்னாள். இல்லை என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்குக் கண் மங்கி வேலையிலிருந்து நின்றாயிற்று, நேரம் இருக்கிறது. படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. நடந்ததைச் சொல்ல அது போதும்.

ஏழாவதில் நைனா என்னைச் செங்கல் சூளைக்குக் கூட்டிப்போனார். சூளையிலிருந்து லாரிக்கு. லாரியிலிருந்து விழுப்புரத்தில் ஒரு ஓட்டலுக்கு, பாத்திரம் கழுவ. பிறகு சீயமங்கலம் பக்கம் கல் உடைக்கப் போனேன். அங்கே இடது கையில் ஒரு விரல் நசுங்கி நகம் போனது. எந்த இடத்திலும் மூன்று மழைக்காலம் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை, ஒரு நாள் காலையில் கால் கிளம்பிவிடும். செஞ்சிக்கு வந்தது அப்படித்தான். சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள். தணிகாசலம் என் கையைத் திருப்பிப் பார்த்தார், நசுங்கிய விரலையும் பார்த்தார். "கழுவிட்டு வாங்க" என்றார். கழுவிவிட்டு வந்தேன். வேலை கிடைத்தது. என்னை 'வாங்க, போங்க' என்று பேசிய முதல் முதலாளி அவர். அங்கே மட்டும் ஏன் தங்கினாய் என்று கேட்டால், அந்த வேலையே சுற்றுகிற வேலை. காலையில் புத்தகக் கூடையோடு சைக்கிளில் கிளம்பினால் செஞ்சிக்குள் நாலு தெரு, அப்புறம் வல்லம், வழியில் உள்ள ஊர்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது காலின் அரிப்பு அடங்கியிருக்கும்.

எங்கள் கடையில் பாதி அலமாரி, வார இதழில் வந்த தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்ட் செய்தவை. வீடுகளிலிருந்தும் பழைய பேப்பர் கடையிலிருந்தும் இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்குவோம். பின் ஊசிகளைக் கழற்றி, கதைத் தாள்களை மட்டும் உருவி, வாரவாரியாக அடுக்க வேண்டும். தாளின் பின்பக்கம் சமையல் குறிப்போ ஊறுகாய் விளம்பரமோ எது இருந்தாலும் அதுவும் கூட வரும். வாசகிகளுக்கு அதுவும் பிடிக்கும். குத்தூசியால் ஓரத்தில் துளை போட்டு, நூலை மெழுகில் இழுத்துத் தைப்போம். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி வராது. அட்டை ஒட்டி, முதுகுக்குக் காலிக்கோத் துணி ஒட்டி, மேலே கல் ஏற்றி ஓர் இரவு வைக்க வேண்டும். அட்டை ஒட்டும் முன் மூன்று ஓரமும் சமமாக வெட்ட திண்டிவனத்தில் ஒரு பிரஸ்ஸுக்கு எடுத்துப்போவேன்.

தணிகாசலம் கதை படிக்க மாட்டார். "படிச்சா ஒரு பக்கமா சாய்ஞ்சிடுவேன்" என்பார். இது நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால், "எடுத்துட்டுப் போங்க, நல்லா இல்லன்னா அதையும் நீங்கதான் சொல்லணும்" என்பதுதான் பதில். இன்ன புத்தகம் இன்னாருக்கு ஆகாது என்று அவர் வாயில் வந்ததே இல்லை. புத்தகத்தில் கிறுக்கினால் மட்டும் பிடிக்காது. ரப்பரும் கையுமாக உட்கார்ந்து அழிப்பார்.

ஆனால் ஒரு கிறுக்கலை அழிக்க மாட்டார். எங்கள் வாசகிகள் படித்து முடித்ததும் இருபத்தோராம் பக்கத்தின் மூலையில் அவரவர் அடையாளம் ஒன்று வைப்பார்கள். ஒருத்திக்குப் புள்ளி, ஒருத்திக்கு நட்சத்திரம், ஒருத்திக்கு மீன். தலைப்பை மறந்துபோய் இரண்டாம் தடவை எடுத்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பெயரைப் பார்க்க மாட்டார்கள், நேராக இருபத்தொன்றைத்தான் பிரிப்பார்கள்.

எல்லாருக்கும் பிடித்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். 'அக்கா' என்றுதான் சொல்வார்கள், சொந்த அக்கா மாதிரி. அக்கா கதையில் ஆண் கோபக்காரன், பெண் ஏழை. நடுவில் ஒரு சந்தேகம் வரும், கடைசியில் மாலை மாற்றுவார்கள். அதில் ஒருநாளும் தவறு நடந்ததில்லை.

ஒரு வருடம் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்த இதழ்க் கட்டில் அக்காவின் தொடர் ஒன்று முழுசாக இருந்தது. முழுசு என்றுதான் நினைத்தோம். மழை ஒழுகிய வீடு, கட்டின் அடி ஓரம் முழுக்கக் கறை. கறை போகும் வரை அடியை வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று தணிகாசலம் சொல்லியனுப்பினார். பிரஸ்ஸில் அப்படியே வெட்டித் தந்தார்கள். நாங்கள் தைத்து அட்டை போட்டோம்.

கதை இது. கதாநாயகி ஒரு நர்ஸ். நிச்சயம் செய்தவன் பணக்கார இடம் வந்ததும் அவளை விட்டுப் போகிறான். அந்த இடம் கைகூடவில்லை. திரும்பி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுகிறான். அவள் எல்லாவற்றையும் கேட்கிறாள். டூட்டி முடிந்துவிட்டது என்கிறாள். வெளியே வந்து பஸ் ஏறுகிறாள். பஸ் கிளம்புகிறது. அவ்வளவுதான்.

ஊர் பொங்கிவிட்டது. முதலில் படித்த ஒரு அம்மா புத்தகத்தை என் சைக்கிள் கூடையில் விட்டெறிந்தார். உங்கள் கடைக்கு வந்த பிறகு அக்காவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார், என்னவோ அக்கா எங்கள் கடையில் உட்கார்ந்து எழுதியது போல. ரைஸ் மில் கணக்கர் மனைவி, படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றார். வசந்தா டீச்சர் நேரே கடைக்கே வந்து, அக்கா எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்று தணிகாசலத்திடம் சொல்லிவிட்டுப் போனார். ரேஷன் வரிசையில் இதற்காகப் பேச்சு முற்றி, ஒருத்தி இன்னொருத்தியை 'பஸ் ஏறிப் போறவ' என்று திட்டினாளாம். நடக்காத ஒன்றும் நடந்தது. கடைசிப் பக்கத்தில் பஸ்ஸுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்கள். 'சரியான முடிவு.' 'இது அக்கா எழுதுனதே இல்ல.' 'போடி திமிரு புடிச்சவளே.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'நீ போடி.' தணிகாசலம் ரப்பரை எடுத்தார். எல்லாவற்றையும் படித்தார். ரப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது ஜெயந்தி. வல்லத்தில் வீட்டிலேயே ஒரு மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். இருபத்தொன்றில் அவள் அடையாளம் தையல் போட்ட மாதிரி மூன்று குட்டிக் கோடு. அவளுக்கும் மாமன் மகனோடு நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தது. மெட்ராஸில் சம்பளக்காரப் பெண் ஒன்று கிடைக்கிறது என்று அவன் விலகிக்கொண்டான். அது நடக்கவில்லை. திரும்பி வந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஜெயந்தியின் அம்மா பச்சையம்மாளுக்கு அவன் சொந்தத் தம்பி மகன். எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தார். ஜெயந்தி ஒரு பதிலும் சொல்லாமல் இருந்தாள்.

நான் புத்தகத்தைக் கொண்டுபோன அன்று ஜெயந்தி நூல் வாங்க செஞ்சிக்குப் போயிருந்தாள். பச்சையம்மாள் வாங்கி உடனே படித்துவிட்டார். மறுநாள் தெருமுனையிலேயே என் சைக்கிளை மறித்து, புத்தகத்தை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, இது வூட்டுக்கு வந்துச்சுன்னு அவகிட்ட சொல்லாத. இந்த நேரத்துல இத படிச்சான்னா எங்குடி முழுகிடும்."

எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. கடைக்கு வந்து தணிகாசலத்திடம் சொன்னேன். மெம்பர் யார் என்று கேட்டார். பெண் என்றேன். "அப்ப பொண்ணுகிட்ட குடுத்துட்டு வாங்க" என்றார். மறுநாள் ஜெயந்தியின் கையில் கொடுத்தேன். எப்போதும் இரண்டே நாளில் முடிப்பவள் அதை வெகுநாள் வைத்திருந்தாள். திருப்பித் தந்த வாரமே மாமன் மகனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கடைசிப் பக்கத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. இருபத்தொன்றில் மூன்று கோடு மட்டும் இருந்தது.

அடுத்த வருடம் அந்தத் தொடர் புத்தகமாக அச்சாகி வந்தது. தணிகாசலம் ஒன்று வாங்கிப் போட்டார். வசந்தா டீச்சர் ஆசையாக எடுத்துப்போனவர், அன்றைக்கே திரும்பி வந்தார். முகம் சரியில்லை. இதில் ஒரு அத்தியாயம் கூட இருக்கிறது என்றார். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பஸ் கிளம்பிய பிறகு அவன் பைக்கில் துரத்துகிறான். லாரியில் மோதுகிறான். அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடி வருகிறாள், அவளே ரத்தம் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரியிலேயே மாலை மாற்றுகிறார்கள்.

தணிகாசலம் எங்கள் பைண்டை எடுத்துக் கடைசித் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அடி ஓரத்தில், வெட்டுப்பட்ட இடத்தில், ஒரு வரியின் தலை மட்டும் எறும்பு ஊர்வது மாதிரி தெரிந்தது. அடுத்த இதழில் முடியும் என்ற வரி. அந்தக் கடைசி இதழ் கட்டில் இருந்ததே இல்லை. கறையோடு சேர்த்து அந்த வரியையும் வெட்டியிருக்கிறோம். செஞ்சி முழுக்க ஒரு வருடமாகச் சண்டை போட்டது முடியாத கதைக்கு.

விஷயம் ஒரே நாளில் பரவியது. அன்று திட்டியவர்கள், அக்கா நம்மைக் கைவிடவில்லை என்று ஸ்வீட் வாங்கித் தந்தார்கள். அன்று புகழ்ந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு வந்தார்கள். பத்திரிகைக்காரன் மிரட்டி எழுத வைத்திருப்பான் என்றார் வசந்தா டீச்சர்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பச்சையம்மாள் வந்து இறங்கினார். கடை வாசலில் நின்று பேசினார். கடைத்தெரு கேட்டது.

"அரை புக்க குடுத்து எம்பொண்ண கெடுத்துட்டீங்களே கடக்காரரே. அவ அத படிச்சிட்டுதான் வேணாம்னா. வர்ற வெள்ளிக்கெழம அவனுக்கு வேற எடத்துல வெத்தல பாக்கு மாத்துறாங்க. இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

தணிகாசலம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். முடிந்ததும் புதுப் புத்தகத்தை எடுத்தார். பகலில் கடையை அடைத்து நான் பார்த்ததில்லை, அன்று ஷட்டரை இறக்கினார். மூன்று பேரும் வல்லம் பஸ் ஏறினோம். அவர் எந்த வாசகி வீட்டுக்கும் போனதே கிடையாது. பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பச்சையம்மாள் வழியெல்லாம் என்னிடம், இதைப் படித்தால் மனசு மாறிவிடுவாள், அக்கா சொன்னால் கேட்பாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். போன வருடம் இதே அம்மா முந்தானைக்குள் மறைத்த கதை.

ஜெயந்தி மிஷினில் இருந்தாள். தணிகாசலம் உள்ளே போகாமல் வாசற்படியில் நின்றார்.

"நாங்க குடுத்த புக்கு முழுசு இல்லம்மா. கடைசி அத்தியாயம் விட்டுப்போச்சு. எங்க தப்பு. இதுல இருக்குது. படிச்சிட்டு இன்னா செய்யணும்னு நீங்களே பாத்துக்குங்க."

அவள் புத்தகத்தை வாங்கி, மிஷினை விட்டு எழுந்திருக்காமலே கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். பச்சையம்மாள் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தார். அவள் ஒரு தடவை படித்தாள். கொஞ்சம் பின்னால் புரட்டி, பஸ் கிளம்புகிற பக்கத்தையும் படித்தாள். மூடினாள்.

"லாரி மோதலன்னா அவ எறங்கியிருப்பாளாண்ணா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"எறங்கியிருக்க மாட்டா. அது அக்காவுக்கே தெரிஞ்சிருக்குது. அதான் அவன அடிபட வச்சிருக்காங்க." பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்ல மாட்டேன் சார். அத படிச்சப்புறம்தான் எனக்குத் தெகிரியம் வந்துச்சு. இந்தக் கடைசி அத்தியாயம் அப்பவே இருந்திருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"இப்ப?" என்றார் தணிகாசலம். ஒரு வாசகியிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி.

"இப்ப வேணாம். அந்த ஒரு வாரம் வராதது நல்லதா கெட்டதான்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. பத்து வருஷம் கழிச்சு கேளுங்க."

பச்சையம்மாள் டம்ளர்களைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். அதன் பிறகு வெகுநாள் அந்த அம்மா என்னோடு பேசவில்லை. புத்தகத்தைப் பொத்தென்று வைத்துவிட்டுக் கைச்சாடையில் அடுத்ததைக் கேட்பார்.

திரும்பும் வழியில், கடைசி அத்தியாயத்தைப் பார்த்து எழுதி நம் பைண்டில் சேர்த்துவிடலாமா என்று தணிகாசலத்திடம் கேட்டேன். செஞ்சி வரும் வரை யோசித்தார். "ரெண்டும் இருக்கட்டும். கேக்குறவங்களுக்கு ரெண்டையும் சொல்லிக் குடுங்க" என்றார். அப்படியே செய்தோம். கடை மூடும் வரை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஜெயந்தி திருப்பித் தந்த புதுப் புத்தகத்தில் இருபத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். அவள் கோடு போடவில்லை. அவள் கணக்கில் அது படித்த புத்தகம் இல்லை.

கடையை மூடிய அந்த நாளில், நடந்தே வல்லம் போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இப்போது தகரக் கொட்டகை, உள்ளே வரிசையாக மிஷின்கள், பெண்கள். ஜெயந்திக்குக் காதோரம் நரைத்திருந்தது. பச்சையம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தார்.

"புக்குக்காரன் வந்துகீறான். இப்ப எந்தப் பாதிய கொண்டாந்தான்னு கேளு."

புத்தகத்தைக் கொடுத்தேன். ஜெயந்தி புது அட்டையைத் தடவிவிட்டு நேரே இருபத்தொன்றைப் பிரித்தாள். மூலையில் எத்தனையோ அடையாளங்களுக்கு நடுவில் தன் மூன்று கோடுகளைத் தேடிப் பிடித்தாள். பிறகு கடைசிப் பக்கம். 'நீ போடி' என்ற இடத்தில் சிரித்தாள்.

"நீங்க கேக்கவே இல்லியேண்ணா."

எதை என்றேன்.

"பத்து வருஷம் கழிச்சு கேளுங்கன்னேன். அதுக்கு மேலயே ஆயிடுச்சு."

சரி, இப்போது கேட்கிறேன் என்றேன். ஒரு பெண் வந்து ஏதோ அளவு கேட்டாள். அதைச் சொல்லி அனுப்பினாள்.

"சில நாள் அழுதிருக்கேன். வூட்டுக்கு வந்த அண்ணி பேசுன பேச்சுக்கு, தனியா படுத்த காய்ச்சலுக்கு. ஆனா பஸ்ஸ விட்டு எறங்கணும்னு ஒரு நாளும் தோணல." புத்தகத்தை மிஷின் மேல் வைத்தாள். "நீங்க அடுத்து எங்க?"

தெரியவில்லை என்றேன். என் பையை எட்டிப் பார்த்தாள். குத்தூசி தெரிந்தது.

"ஊசி புடிச்ச கைதான. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறீங்களா? ஆளு இல்லாம கெடக்குது."

பேப்பர்தான் தைத்திருக்கிறேன், துணி தெரியாது என்றேன்.

"துணி பேப்பர் மாதிரி கிழியாது. பயப்படாதீங்க" என்றாள்.

அன்றிரவு கொட்டகையிலேயே படுத்தேன். மறுநாள் காலை பெஞ்சின் ஓரத்தில் இடம் ஒதுக்கி, ஒரு ஊதா ஜாக்கெட்டையும் கொக்கி டப்பாவையும் என் முன்னால் வைத்தாள். முதல் கொக்கியைத் தலைகீழாக வைத்துவிட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அவள் அதைப் பிரித்து, நூல் கோர்த்துக் கையில் கொடுத்தாள். கழுத்திலிருந்து அடி வரை கடைசிக் கொக்கியும் வைத்து, ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, கழற்றிப் பார்த்து, அப்புறம்தான் டீ குடிக்க எழுந்தேன்.